இடியன் துவக்கு: ஒரு வரலாற்று நோக்கு

சென்ற சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலே இங்கிலாந்திலிருந்து வந்திருந்த என் மாமா, தம் நண்பர் ஒருவர் விலைக்கு வாங்கிய துவக்கொன்றின் படங்களைக் கைத்தொலைபேசியிற் காட்டினார். நீண்ட குழல், அதை மரத்தோடு பிணைக்கும் மூன்று இரும்புப் பட்டைகள், பித்தளைக் காப்பு, குழலின் அடியிலே செருகிய ஓர் இரும்புக் கோல். பார்வைக்கு 1857ஆம் ஆண்டுச் சிப்பாய்களின் காலத்துத் துவக்கேதான். ஆயினும் அஃது அக்காலத்ததன்று. பர்மிங்காம் நகரத்துப் பார்க்கர் ஹேல் கம்பனியார் 1970களிலே செய்து விற்ற நகல். ஒருவர் பல்லாண்டு பாவித்துவிட்டு விற்க, மற்றொருவர் வாங்கிய பழஞ்சரக்கு.

மறுநாள் பாலமுனை வட்டைப் பக்கம் போக நேர்ந்தது. எங்கள் குடும்பத்தோடு நெடுநாட் பழக்கமுள்ள முதிய விவசாயி ஒருவர் அங்கே உள்ளார். என் தந்தையார் அவரைக் 'காக்கா' என்று அழைப்பதால் நானும் அவ்வாறே அழைப்பது வழக்கம். படத்தை அவரிடம் நீட்டி, "இது இங்கிலாந்துத் துவக்கு, காக்கா" என்றேன். அவர் கண்ணைச் சுருக்கி நெடுநேரம் பார்த்தார்.

"எந்த நாட்டுத் துவக்குத் தம்பி? இது எங்கட இடியன்தானே! எங்கட வாப்பா ஒண்டு வெச்சிருந்தாரு" என்று சிரித்தார். பின்னர், கலவர காலத்திலே அதைப் பொலிஸிற் கொண்டுபோய் ஒப்படைத்ததையும், கோலை மாத்திரம் கொடுக்க மறந்ததையும் கூறினார். அந்தக் கோல் இன்றும் அவர் வீட்டு மாட்டுக் கொட்டிலிலே படலைத் தாழாகப் பயன்படுகிறது.

ஒரே வகைத் துவக்கு. அங்கே அது வார இறுதிப் பொழுதுபோக்கு. இங்கே பரணிலே பயிர்காத்த கருவி. பின்னர் பொலிஸில் ஒப்படைக்க வேண்டிய பொருள். இவ்வேற்றுமை எவ்வாறு நேர்ந்தது என்ற வினாவே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. மன்றத்துத் தோழர்களும் பெரியோர்களும் பொறுமையோடு உடன் வருவார்களாக.

பெயரும் பொறியும்

குழலின் வாய்வழியே வெடிமருந்தை இட்டு, அதன்மேற் சன்னத்தை வைத்து, கோலால் இடித்துக் கெட்டிப்பதாலேயே நம்மவர் இதனை 'இடியன்' என்றனர். துவக்கு என்னும் சொல்லோ நெடுந்தூரம் பயணஞ் செய்தது. துருக்கியர் 'துஃபெக்' என்பர், பாரசீகர் 'துஃபங்' என்பர், சிங்களத்தில் 'துவக்குவ', தமிழிலே துவக்கு என்றும் துப்பாக்கி என்றும் இரு வடிவிலே வழங்குகின்றது. கருவி வந்த வழியைச் சொல் மறைக்கவில்லை.

இதன் மருந்து வெடியுப்பு, கரி, கந்தகம் என்னும் மூன்றின் சேர்க்கை. எரியுந்தோறும் வெண்புகை எழுப்பி, பாதிக்கு மேற்பட்ட பங்கைக் கசடாகவும் புகையாகவும் விட்டுச்செல்லும் இயல்பினது. அக்கசடு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். ஆகவே சுட்ட அன்றே கொதிநீரால் குழலைக் கழுவி எண்ணெயிட வேண்டும். பாவித்த துவக்கை வாங்குவோர் முதலிலே குழலின் உட்புறத்தை நோக்குவதும் இதனாலேயாம். வெளியே பித்தளை மின்னினாலும், முன்னையவன் சோம்பேறியா அன்றா என்பதை உட்துரு காட்டிவிடும்.

மருந்தைப் பற்றவைக்கும் முறை மூன்று தலைமுறைகளைக் கண்டது. முதலாவது, புகையும் திரி. இரண்டாவது, சக்கிமுக்கிக் கல்லின் பொறி. மூன்றாவதே நம் இடியனிலும் மாமா காட்டிய நகலிலும் உள்ள 'கேப்பு' எனப்படும் சிறு செப்புத் தொப்பி. குதிரை எனப்படும் சுத்தியல் அதன்மேல் விழுந்ததும், உள்ளிருக்கும் மருந்து அடிபட்டு வெடித்து, சிறு துளைவழியே குழலுக்குள் தீயைச் செலுத்தும். பிள்ளைகள் விளையாட்டுத் துவக்கிலே வைத்து அடிக்கும் கேப்பும் இதே முறையினதே.

மிசன் பாடசாலையிற் பயின்றவனாகிய எனக்கு வியப்பளித்த செய்தி ஒன்றுண்டு. அடிபட்டு வெடிக்கும் இம்முறையைத் துவக்கிலே முதன்முதல் அமைத்தவர் ஒரு பாதிரியார்! ஸ்கொத்லாந்தின் பெல்ஹெல்வி என்னும் கிராமத்துத் திருச்சபைப் போதகர் அலெக்சாந்தர் ஜோன் போர்சித் என்பாரே அவர். கல்லின் பொறியைக் கண்டவுடன் நீர்ப்பறவைகள் சன்னம் சேருமுன்னே பறந்துவிட்டமையால், ஒளி வெளியே தெரியாத முறையொன்றைத் தேடினார் என்பர். 1807இல் காப்புரிமை பெற்றார். செப்புத் தொப்பி அதன்பின் வந்த திருத்தம். பிரித்தானியப் படை இம்முறையை முழுமையாகக் கைக்கொள்ள மேலும் 30 ஆண்டுகள் சென்றன. பறவை வேட்டைக்காக ஒரு போதகர் எண்ணியது, படைகளின் கைக்குச் சேர்ந்தது.

நம் தீவின் துவக்குக் கொல்லர்

துவக்கை நாம் பிறரிடம் வாங்க மாத்திரமே அறிந்திருந்தோம் என்று எண்ணுதல் தவறாகும். 1505இல் போர்த்துக்கேயர் வந்த பின்னர், இந்நாட்டுக் கொல்லர் மிகக் குறுகிய காலத்திலே அக்கலையைக் கற்றுத் தேர்ந்தனர். கண்டி இராச்சியத்துத் துவக்குகளின் பொறி பெரும்பாலும் இடப்புறத்தில் அமைந்திருக்கும்; பிடியின் முனை இரண்டாகப் பிளந்து வளைந்திருக்கும்; வெள்ளியும் தந்தமும் பதித்திருக்கும். மேனாட்டுத் துவக்கின் வெறும் நகலன்று, இந்நாட்டுக்கே உரிய தனி ஆக்கம் என்பது இதனால் விளங்கும்.

மருந்தும் உள்நாட்டிலேயே கிடைத்தது. நக்கிள்ஸ் மலைத்தொடரிலே வௌவால்கள் வாழும் ஒரு குகையிலிருந்து வெடியுப்பு எடுத்ததை, 1821இல் வெளியான தமது நூலில் மருத்துவர் ஜோன் டேவி விவரித்துள்ளார். அக்குகை இன்றும் வெடியுப்புக் குகை என்னும் பொருள்படும் பெயரையே தாங்கி நிற்கின்றது.

1765இல் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் என்பவரின் படை கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டது. அக்காலத்து அரசன் நாயக்கர் மரபினனாகிய கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன். கொள்ளைபோன பொருள்களுள் ஆறு, நெடுங்காலம் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்தன. ஒரு பீரங்கியும், வாள்களும், கத்தியும், 'மகா துவக்கு' எனப்படும் இரண்டு பெருந்துவக்குகளும் அவையாம். 2023 திசெம்பரில் அவை கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்துக்குத் திரும்பி வந்தன. 258 ஆண்டுகளின் பின்னர் வீடு திரும்பிய அத்துவக்குகள், இந்நாட்டுக் கொல்லன் கையின் திறத்துக்குச் சான்று பகர்கின்றன.

இரண்டரைச் சிலிங் வரியும் யானை வேட்டையும்

ஆங்கிலேயர் முழுத் தீவையும் கைப்பற்றிய பின்னர், துவக்கைப் பற்றிய கதை இரு கிளையாகப் பிரிந்தது. ஒன்று துரைமாரின் துவக்கு; மற்றொன்று குடியானவன் துவக்கு.

துரைமாரின் கதையை முதலில் நோக்குவோம். மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்பவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார் எனப்படுகின்றது. 1845இல் அப்புத்தளையிலே இடி விழுந்து மாண்டார். 1846இல் வந்த சாமுவேல் பேக்கர் என்பவர், ஊவாவுக்கும் கீழ்க்கரைக்கும் இடைப்பட்ட புல்வெளி நாட்டிலும் வேட்டையாடி, அவ்வனுபவங்களை நூலாக எழுதினார். தமது எண்ணப்படி பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பார் செய்துகொடுத்த பெருந்துவக்கு ஒன்றை அவர் அதில் வருணிக்கின்றார். அதன் நிறை 21 இறாத்தல். ஒரு தடவைக்கு ஓர் அவுன்சு மருந்து. சன்னம் மூன்று அல்லது நான்கு அவுன்சு. அதுவும் வாய்வழி இடித்துக் கெட்டிக்கும் துவக்கே. நம் காக்காவின் வாப்பா வைத்திருந்த இடியனுக்கு அது பணக்கார அண்ணன் எனலாம்.

அரசாங்கமும் இவ்வேட்டைக்குத் துணைநின்றது. யானைத் தலைக்கு இத்தனை சிலிங் என்று சன்மானம் கொடுத்தது. குடியேற்றச் செயலாளராயிருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் என்பவரே, 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியிலே மாத்திரம் 3,500 யானைகள் கொல்லப்பட்டன என்று எழுதிவைத்துள்ளார்.

இனி, குடியானவன் கதை. 1848இல் தேசாதிபதி டொரிங்டன் பிரபு புதிய வரிகளை விதித்தார். கடைக்கு வரி, நாய்க்கு வரி, வள்ளத்துக்கு வரி; துவக்கு வைத்திருப்பவன் ஆண்டுதோறும் இரண்டரைச் சிலிங் கொடுத்து அனுமதி பெறவேண்டும்; அதற்கு மேலே, ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை, அன்றேல் அதற்கீடான பணம். கடற்கரைப் பட்டினத்து வணிகனுக்கு இரண்டரைச் சிலிங் பெரிதன்று. காசையே அரிதாகக் காணும் மலைநாட்டு விவசாயிக்கோ அது பெருஞ்சுமை. யானையும் பன்றியும் நுழையும் சேனைக்குத் துவக்கும் நாயுமே வேலி. அவ்விரண்டுக்கும் வரி என்றால் வேலிக்கே வரி அன்றோ?

1848 யூலை 6ஆந் திகதி ஆயிரக்கணக்கானோர் கண்டிக் கச்சேரி முன் திரண்டனர். மாத இறுதியிலே மாத்தளையிலும் குருணாகலிலும் கிளர்ச்சி மூண்டது. இராணுவச் சட்டம் பிறந்தது. வீர புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆந் திகதி கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். பௌத்த துறவி ஒருவரும் காவியுடையோடே சுடப்பட்டார். இக்கொடுமைகளைப் பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவொன்று விசாரிக்க, 1850இல் டொரிங்டன் பதவியிழந்து திரும்பினார்.

துவக்கு வரி ஒன்றே கிளர்ச்சிக்குக் காரணம் என்று நான் கூறவில்லை. பெருந்தோட்டங்களுக்காக நிலம் பறிபோனமை முதலான வேறு காரணங்களும் உண்டு. எனினும், ஒரே ஆட்சி, ஒரே காலத்திலே, துரைமார் யானை சுடச் சன்மானம் வழங்கியும், பயிர்காக்கத் துவக்கெடுத்த குடியானவனிடம் வரி வாங்கியும் வந்தது. துவக்கு ஒன்று, கை வேறு. கையை நோக்கியே சட்டம் வகுத்தனர்.

வரித்த குழலும் வழுவழுத்த குழலும்

கையை நோக்கிச் சட்டம் வகுத்தமைக்கு இன்னும் தெளிவான சான்று வேண்டுமாயின், மாமாவின் படத்திலிருந்த துவக்கின் மூலத்தையே நோக்குக. அது 1853ஆம் ஆண்டின் என்பீல்ட் துவக்கு. நிறை ஏறக்குறைய ஒன்பதரை இறாத்தல். குழலின் நீளம் 39 அங்குலம். குழலின் உட்புறத்திலே மூன்று பள்ளவரிகள் திருகாணிபோற் சுற்றிச் செல்லும். பிரெஞ்சுக்காரரான மினியே வகுத்த முறைப்படி, அடிப்புறம் குடைந்த ஈயச்சன்னம் வெடியின் வேகத்தால் விரிந்து வரிகளைக் கவ்வும், சுழன்றுகொண்டே புறப்படும். பம்பரம் சுழலும்போது நிமிர்ந்து நிற்பதுபோல, சுழலும் சன்னமும் வழிதவறாது செல்லும். வரியில்லாக் குழலின் குண்டு நூறு யார் தாண்டினால் எங்கே விழும் என்று சுட்டவனுக்கே தெரியாது. வரிக்குழலோ அதனினும் பன்மடங்கு தூரத்திலே இலக்கை எட்டியது.

இத்துவக்கின் காகிதத் தோட்டாவைப் பல்லாற் கடித்துத் திறக்கவேண்டும். அதிலே பூசிய கொழுப்பு பசுவினது என்றும் பன்றியினது என்றும் செய்தி பரவியது. 1857 மார்ச்சு 29இல் பரக்பூரில் மங்கல் பாண்டே எழுந்தார். ஏப்ரலிலே மீரட்டில் 85 குதிரைவீரர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவர்களுள் இந்துக்களும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். ஒருவன் மனம் புண்படுவது எதனால் என்பதை மற்றவன் உணர்ந்து, இருவரும் ஒருங்கே மறுத்தனர். நம் பகுதியில் வாழ்வோர் இந்நிகழ்ச்சியை மறவாதிருத்தல் நன்று.

கலகம் அடங்கிய பின் ஆட்சியாளர் செய்தது யாது? இந்தியச் சிப்பாய்களுக்கென்று, வெளித்தோற்றத்தில் அதே துவக்கையே செய்து, உள்வரியை மாத்திரம் நீக்கி வழுவழுத்த குழலாகக் கொடுத்தனர். ஏந்திச் செல்லலாம், அணிவகுக்கலாம், தூரத்து இலக்கை மாத்திரம் எட்டக்கூடாது. நம்பிக்கையின்மையை இதனினும் நுட்பமாக இரும்பிலே எழுதிவைத்தல் இயலாது.

1866இலே பின்புறம் திறந்து தோட்டா இடும் ஸ்னைடர் முறை வந்தது. வாய்வழித் துவக்குகளின் பின்புறத்தை வெட்டித் திருத்தினர். ஆகவே படைக்கலம் என்ற வகையில் என்பீல்ட் முதன்மை பெற்றிருந்தது 13 ஆண்டுகளே.

நகல் பிறந்த கதை

படைகள் கைவிட்ட முறையைப் பொழுதுபோக்காளர் மீண்டும் கையில் எடுத்தனர். அமெரிக்காவில் 1933இலும், பிரித்தானியாவில் 1952இலும் வாய்வழித் துவக்குக்காரரின் சங்கங்கள் தோன்றின. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நிறைவு 1961இல் நெருங்கியபோது பழந்துவக்குகளுக்குப் பெருந் தேவை எழுந்தது. மூலங்களோ அரியன, விலையும் மிகுதி, சுட்டால் பழுதாகும் அச்சமும் உண்டு. ஆதலின் இத்தாலியின் கார்தோனே என்னும் ஊரிலே, பல நூற்றாண்டுகளாகத் துவக்குச் செய்துவந்த கொல்லரின் வழித்தோன்றல்கள் நகல் செய்யலாயினர். பார்க்கர் ஹேல் கம்பனியார் 1970களிலே, பழைய அளவுக் கருவிகளையே துணைக்கொண்டு என்பீல்டின் நகல்களைச் செய்தனர். மூல அளவுக்கு நெருங்கியமையாலேயே அவை இன்றும் பழஞ்சரக்காய் நல்ல விலை பெறுகின்றன.

இதிலும் ஒரு விந்தை உண்டு. பிரித்தானியாவிலே, 1853இன் மூலத் துவக்கை அழகுப்பொருளாகச் சுவரிலே மாட்டி வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. 1970களின் நகலுக்கோ வேண்டும். சுடுவதற்காகவே செய்த பொருள் என்பதை அந்நாட்டுச் சட்டம் உணர்ந்திருக்கின்றது.

கண்ணில்லாத துவக்கு

இனி நம் வட்டைக்குத் திரும்புவோம். இலங்கையிலே 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் அனுமதியின்றித் துவக்கு வைத்திருப்பதைக் குற்றமாக்குகின்றது. போடியாரும் முல்லைக்காரரும் பரணிலிருந்து இரவெல்லாம் கண்விழித்து வெள்ளாமை காத்த காலத்திலே, துவக்கின் ஓசையே பெரும்பாலும் போதுமாயிருந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்றை மறித்துப் பெருங்காட்டை வயலாக்கியது. விளைச்சல் பெருகியது, யானையின் வழியோ சுருங்கியது. இன்று யானை ஊருக்குள்ளே வருகின்றது. 2023இல் மாத்திரம் இந்நாட்டிலே 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் இப்பிணக்கின் ஆண்டிலே மாண்டனர். யானைகளுட் பல துவக்குச் சூட்டால் மாண்டவை.

இந்நிலையிலேதான் இடியனின் மிகத் தாழ்ந்த வடிவம் தோன்றியது. அதுவே கட்டுத்துவக்கு. மிருகம் வரும் வழியிலே மறைத்துக் கட்டி, காவலாளி வீட்டிலே உறங்க, வருவது தானே பட்டுக்கொள்ளும்படி விட்டுவைத்த துவக்கு. பன்றிக்கென்று கட்டியது பன்றிக்கு மாத்திரம் வெடிப்பதில்லை. விறகுக்குப் போனவர், மாடு தேடிப் போனவர், தேனெடுக்கப் போனவர் முழங்காலை அண்டிக் காயமுற்று, வாழ்நாள் முழுதும் முடமாகின்றனர், உயிரிழந்தோரும் உளர். யானையோ காலிலே சீழ்கொண்டு நாட்கணக்காய்த் துடித்துச் சாகின்றது.

"உங்கட வாப்பா இடியனக் கட்டி வெச்சதில்லையா, காக்கா?" என்று கேட்டேன். அவர் முகம் மாறியது.

"துவக்குக்குக் கண் இல்லத் தம்பி. கண் நமக்குத்தான் இருக்கு. நாம பாக்காமக் கட்டி வெச்சா, அது ஆரெண்டு பாக்கும்?"

இக்கட்டுரையின் முழுப் பொருளையும் அம்முதியவர் ஒரே வாக்கியத்திலே கூறிவிட்டார். பாலமுனை, ஒலுவில் வயல்களில் முஸ்லிம்கள் உளர். அக்கரைப்பற்று, காரைதீவுப் பகுதிகளின் தமிழர் உளர். தீகவாபிப் பக்கம் சிங்களவர் உளர். வரம்பிலே நடப்பவன் எவன் மகன் என்று கட்டுத்துவக்கு கேட்பதில்லை. டொரிங்டன் பிரபு கையைப் பார்த்துச் சட்டம் வகுத்தார், அது அநீதி. கட்டுத்துவக்கோ எவரையும் பாராமலே சுடுகின்றது. இது அதனினும் பெரிய அநீதி. முன்னையதைச் செய்தவர் அந்நியர். பின்னையதைச் செய்பவர் நம்முள்ளேயே உளர் என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

மன்றத்து இளைஞர் இதில் செய்யக்கூடியது சிறிதேனும் உண்டு. வட்டையிலே கட்டுத்துவக்கு இருப்பதை அறிந்தால், நமக்கேன் என்று வாளாவிராது வட்டவிதானைக்கும் கிராம அலுவலருக்கும் அறிவித்தல். யானை வேலிக்கும் ஒருங்கிணைந்த இரவுக் காவலுக்கும் மூவினத்து விவசாயிகளோடும் கைகோத்தல். பழைய வீடுகளின் பரண்களிலே துருப்பிடித்துக் கிடக்கும் துவக்கைக் கண்டால், விளையாட்டாகக் கையில் எடாது உரியவரிடம் ஒப்படைக்கச் செய்தல்.

இறுதியிற் கூறியதற்குக் காரணம் உண்டு. விடைபெறும்போது காக்கா படலையிலிருந்து அந்தக் கோலை உருவிக் காட்டினார். இடியனை எடுத்தவுடன் முதலில் கோலைக் குழலுக்குள் விட்டுப் பார்க்கவேண்டும் என்று அவர் வாப்பா கற்பித்தாராம். கோல் அடிவரை இறங்கினால் குழல் வெறுமை. விரலளவு மேலே நின்றுவிட்டால் உள்ளே மருந்து கிடக்கின்றது என்பது பொருள். எத்தனை ஆண்டு கிடந்தாலும் அம்மருந்து காய்ந்திருந்தால் வெடிக்கும்; பழைய துவக்கு என்பதற்காக அது சாதுவாகிவிடுவதில்லை.

அக்கோலின் மேற்புறத்திலே, அவர் வாப்பா அரத்தால் அராவிய சிறு அடையாளம் ஒன்று இன்னும் இருக்கின்றது. குழல் வெறுமையாயிருந்தால் அந்த அடையாளம் வாயோடு ஒத்து நிற்குமாம். ஒவ்வொரு நாளும் பரணை விட்டு இறங்குமுன், வீட்டிலே பிள்ளைகள் இருக்கின்றார்கள் என்று கூறி, அந்த அடையாளத்தைப் பார்த்த பின்னரே அவர் துவக்கைத் தோளில் ஏற்றுவாராம்.